இரவல் தட்டு

அவர்களுடைய இன்குபேட்டர் படுத்துவிட்டது என்று
எவர்சில்வர் டிபன் டப்பாவில் பெட்ரித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு
வர்த்தூரிலிருந்து வந்தாள் மாட்டு டாக்டர் ஷாம்பவி.
ஒரு ராத்திரிக்கு இடம் கொடுங்க,
முப்பத்தேழு டிகிரி போதும்.
கைக்குழந்தையோடு ரயிலில் இடம் கேட்பவள் போல நின்றாள்.

மேலடுக்கு எங்களுடையது: சளி, சீழ், சிறுநீர்.
நடுவில் இனி அவளுடைய பசுக்கள்,
மடி வீங்கிக் கறந்த பால்.
கீழே ஏற்கெனவே ஒரு திருட்டுக் குடித்தனம்,
ஏரித் தண்ணீர் அள்ளுகிற தபஸ்ஸும்
எனக்கு மட்டும் சொல்லி வைத்தது.

பதிவேட்டில் 'துறை' என்று ஒரு கட்டம் உண்டு.
வெளித்தட்டு உள்ளே போக மூன்று கையெழுத்து வேண்டும்.
மேற்பார்வையாளர் குல்கர்னி
மகள் கல்யாணத்துக்கு ஹூப்ளி போயிருந்தார்.
மணமக்கள் வாழ்க.

காலையில் கதவைத் திறந்தேன்,
புளித்த மாவும் ஈரத்துணியும் கலந்த அதே வாடை.
மருந்து தோய்த்த வெள்ளை வில்லைகள்.
ஒவ்வொன்றையும் சுற்றித் தெளிந்த வளையம் தெரியவேண்டும்,
மழைக்கு முன் நிலா கோட்டை கட்டுவது போல.
ஸ்கேல் வைத்து அளப்பது என் வேலை.
இந்த மருந்துக்கு இருபத்துமூன்று மில்லிமீட்டர்
இருந்தால் நிம்மதி.

பிலோமினா, எஜிபுரா, வயது நாற்பத்தொன்று,
மூன்றாம் முறையாக நீர்க்கடுப்பு.
கோட்டை இல்லை.
வில்லையின் விளிம்பை முட்டிக்கொண்டு
வெளிறிய புல்வெளி.

காதுப்பட்டை எண் 4417,
முனிவெங்கடப்பாவின் கலப்பினப் பசு.
கோட்டை இல்லை.

ஏரி, மதகுக்குப் பக்கம், நுரைக்கு அடியில்.
ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டேன்.

அதே கிருமியா என்றாள் ஷாம்பவி.
தெரியாது. அதற்கு வேறு சோதனை, வேறு பணம்.
அதே கிருமியாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை,
என்றாள் தபஸ்ஸும், பூட்ஸில் சேறு காயாமல்.
கைமாற்று கொடுத்து வாங்கிப் பழகியவை அவை.
பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது,
மாட்டு வயிற்றில் கற்ற தந்திரத்தை
சாக்கடையில் உரசிப் போகிற அந்நியனுக்கு
கொடுத்துவிட்டுப் போகும்.
நமக்குத்தான்
ஒரு அலமாரிக்கு மூன்று கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கொட்டகைக்குப் போனோம்.
முனிவெங்கடப்பா காலி ஊசிப்புட்டிகளை எடுத்துக் காட்டினார்.
மருந்துக்கடைப் பையன் கொடுத்தானாம்,
வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிட்டாராம்,
மீதி அடுத்த மாட்டுக்கு.
ஷாம்பவி வாய் திறப்பதற்குள் கன்னடத்தில் கேட்டார்:
உங்க ஆஸ்பத்திரிச் சாக்கடை எங்கம்மா வந்து விழுது?

கேள்வி என்னைப் பார்த்துத்தான்.
எங்கள் கட்டடத்தின் பின்சுவரில் ஒரு சாம்பல் குழாய் இருக்கிறது.
பதினோரு வருஷமாக அதன் நிழலில்தான் ஸ்கூட்டரை நிறுத்துகிறேன்.
அது எங்கே போகிறது என்று
ஒரு நாளும் கேட்டதில்லை.

பிலோமினா கீரை விற்கிறவள்.
தண்டுக்கீரை, அரைக்கீரை, அந்தக் கரையில் விளைவது.
இதைப் பிறகு வார்டில் அவளே சொன்னாள்.
இதை வைத்து எதையும் முடிவுகட்ட மாட்டேன்,
நான் அளக்கிறவள்.
ஆனால் அவள் தட்டின் ஓரத்தில்
யாரும் யோசிக்காத பழைய மஞ்சள் மாத்திரையின் வில்லை
தன்னைச் சுற்றி
பத்தொன்பது மில்லிமீட்டர் கட்டியிருந்தது.
அந்த மருந்துக்கு அது போதும்.
இரண்டு முறை அளந்தேன். வார்டுக்குப் போன் செய்தேன்.

முனிவெங்கடப்பா இப்போது ஊசிக்கு முன் பால் அனுப்புகிறார்,
சில நாள். எல்லா நாளும் இல்லை.
சாம்பல் குழாய்க்கு மனு எழுதியிருக்கிறோம்,
மூன்று கையெழுத்தோடு.

குல்கர்னி லட்டுப் பெட்டியோடு திரும்பினார்.
பதிவேட்டைப் புரட்டினார்.
துறை: மருத்துவம்.
அதன் கீழே மேற்படி.
அதன் கீழே மேற்படி.
என் கையெழுத்தில் விரலை வைத்து
என்னை ஒரு முறை பார்த்தார்.
பிறகு லட்டுப் பெட்டியை
இன்குபேட்டர் மேலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

வர்த்தூரில் பழுது சரியாயிற்று என்று
நேற்று ஷாம்பவி வந்தாள்.
டிபன் டப்பாவை மட்டும் கழுவி எடுத்துப் போனாள்.