கோட்டோரம்

உன்ர தீவில எட்டரை. இஞ்ச ஒன்பது.
அரை மணித்தியாலம் பின்னால இருக்கிறாய்,
எண்டாலும் எல்லாம் உனக்குத்தான் முதல் நடக்குது.

போனைச் சீனிப் போத்தலில சாத்தி வைச்சிருக்கிறன்.
அம்மா நித்திரை. பார்த்தால் நெஞ்சு படபடக்குமாம்,
முடிவை மட்டும் விடியச் சொல்லட்டாம்.
வர்ணனைக்காரன் திவேகியில என்னவோ கத்துறான்.
பொறுத்திருந்து உன்ர பேரைப் பிடிக்கிறன்:
ஜெனிஸ்தா.
ஞானஸ்நானப் புத்தகத்தில பாதர் விட்ட பிழையை விட
இது பரவாயில்லை, ஜெனிஸ்ரன்.

நீ வாங்கில இருக்கிறாய்.
கமரா உன்னை ஒருக்காத் தாண்டேக்க
சப்பாத்து நூல் கட்டிக்கொண்டிருந்தாய்.
இரண்டாந்தரம் தாண்டேக்கயும் அதைத்தான்.
பத்து மாத ஒப்பந்தம், இது ஐந்தாம் மாதம்,
வந்தது மூன்று மாதச் சம்பளம்.
ஏஜென்ட் அனுப்பின வீடியோவில
உன்னைக் கொஞ்சம் வேகம் கூட்டி ஓடவிட்டவனாம்,
இப்ப அந்த வேகத்துக்கு ஓடவேண்டிக் கிடக்கு எண்டு சிரிச்சாய்.
ஒரு அறையில ஆறு பேர்,
அதில கானாக்காரன் விடிய விடியக் குறட்டை எண்டு எழுதினாய்.
அவனும் இடது விங் எண்டதை
வேற ஆக்களிட்டத்தான் கேட்டறிஞ்சன்.

எழுபத்தோராவது நிமிசம்.
கானாக்காரன் வெளிய வாறான். உன்ர கையில ஒரு தட்டு.
பதினேழாம் இலக்கம் உள்ள போகுது.

உள்ள போயும் உள்ள போகேல்லை நீ.
வெள்ளைக் கோட்டை உரசி உரசி
போறாய், வாறாய், போறாய்.
கோச் இரண்டு கையாலயும் நடுவைக் காட்டுறார்.
செர்பியாக்காரன். அவருக்கு என்ன தெரியும்?

சிலாவத்தையில, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால,
எங்களுக்குத் திருப்பித் தந்தது
வேலிக்கும் சிவப்புத் தலைத் தடிக்கும் இடையில
ஏழு மீற்றர்.
நீளம் இருந்தது, அகலம் இல்லை.
அந்த ஒழுங்கைக்குள்ள பதினாறு பொடியள்.
தடி தாண்டினால் பந்து போனதுதான்.
ஒரு வருசத்தில ஒன்பது பந்து.
ஒன்பதாவதுக்குப் பிறகு
பந்து உன்ர காலை விட்டு ஒரு முழம் விலகினதை
நான் காணேல்லை.
பேப்பரில அதைப் பிறவித் திறமை எண்டு போட்டாங்கள்.

மிச்ச நிலத்தைப் பிறகு நான்தான் எடுத்தனான்,
முழங்காலில நிண்டு,
முகமூடிக்குள்ள வேர்வை கண்ணைக் கரிக்க.
ஒரு நாளைக்கு எட்டு மீற்றர் போனால் நல்ல நாள்.
நாலு பந்து கிடைச்சது.
ஒண்டுக்குள்ள எறும்பு குடியிருந்தது.
அதிலயிருந்து ஒரு சாண் தள்ளி
மற்றது.

உனக்கு இதைச் சொல்லேல்லை.
அந்த மாதச் சம்பளத்தில சப்பாத்து வாங்கித் தந்து
பெருவிரல் இடிக்குதோ எண்டு மட்டும் கேட்டனான்.

எண்பத்தாறு.
பந்து உன்னட்ட. கோடு முடியப்போகுது.
மூலைக்கொடி கிட்ட வந்திட்டுது.
சடாரெண்டு உள்ள வெட்டுறாய்.

நான் எழும்பிட்டன். சீனிப் போத்தல் சரிஞ்சுது.
எண்ணுறன். தொழில் பழக்கம்.
எட்டு எட்டு வைச்சாய்,
நிலத்தைப் பார்க்காமல்.
என்ர ஒரு நாளை இரண்டு செக்கனில கடந்து
நடுவில நிக்கிறாய்.
பிளாஸ்ரிக் புல்லுத்தான் அது, தெரியும்.
எண்டாலும் மூச்சை விட மறந்துபோனன்.

அடிச்சாய்.
கம்பத்துக்கு மேலால, மதிலுக்கும் மேலால,
அங்கால கடலோ றோட்டோ தெரியேல்லை.
கோச் தலையில கை வைச்சிட்டார்.
வாங்கில கானாக்காரன் மட்டும்
துவாயைத் தோளில போட்டபடி கை தட்டுறான்.

அம்மாவுக்கு விடியச் சொல்லுறதுக்கு:
ஒண்டுக்குச் சைபர், தோல்வி.
மற்றதை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை.
சீனியைக் கூட்டி அள்ளவேணும், எறும்பு வந்திடும்.
வான் நாலே முக்காலுக்கு வரும்.
இந்த மாதம் சம்பளம் போட்டவங்களோ?
அதை எழுது.