வாரத்துக்கு ஒரு சாண்

ஃபலஜ் அல் முஅல்லாவில், ஒட்டகப் பண்ணையை ஒட்டிய ஷெட்.
முப்பத்தொன்பது கார்கள், நான்கு நீராவி எஞ்சின்கள்.
ஏசி கார்களுக்கு மட்டும்.

ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகிவிடும்.
அதனால் வெள்ளிதோறும் ஒவ்வொன்றையும்
ஒரு சாண் தள்ள வேண்டும்,
இந்த வாரம் முன்னே, அடுத்த வாரம் பின்னே.
ஸ்டியரிங்கில் நியாஸ் குல், பின்னால் நான்.
"பஸ்" என்பான், நிறுத்துவேன்.
(முதல் வாரம்
எந்தப் பஸ் என்று திரும்பிப் பார்த்தேன்.)

ஒருநாள் கணக்குப் போட்டேன்.
பதினோரு வருஷத்தில் அந்தப் பச்சை ஹம்பர்
நூற்றிருபத்தாறு மீட்டர் போயிருக்கிறது.
நிற்பதோ வந்த இடத்தில்.
நியாஸிடம் சொன்னேன், சிரிக்கவில்லை.
தன் விசாக்களை விரல் மடக்கி எண்ணினான்.

கல்பானுக்குப் பிறந்த தேதி தெரியாது.
பாஸ்போர்ட்டில் ஜனவரி ஒன்று.
முதல் குளிர் இறங்கும் காலையில்
பெரிய எஞ்சினைப் பற்ற வைக்கச் சொல்வார்.
மழை விடாத ஏதோ ஊரில்
கதிரடிக்கவென்று வார்த்த இரும்பு.
எண்ணெய் பூமியில் அதற்குத் தீனி
பேரீச்ச மட்டையும் உடைந்த பேலட் கட்டையும்.
தண்ணீர், கடலைக் காய்ச்சி எடுத்தது.
ஏற்கெனவே ஒருமுறை ஆவியானதால்
கொதிக்கப் பழகியிருக்கும்.

நான்கு மணி நேரம் கழித்து முள் எழுந்தது.
மணலில் புதையாமலிருக்க இரும்புத் தகடுகள்:
கடந்ததைப் பின்னாலிருந்து உருவி
முன்னால் ஓடிப் போடுவோம்.
கந்தூரா முழுக்கக் கரியோடு
மேலே கல்பான், எட்டு வயசுச் சிரிப்பு.
விசில் கயிற்றை இழுத்தார்.

பக்கத்துப் பண்ணையில் ஒரு பெண் ஒட்டகம்
வேலியை வேலியென்றே மதிக்காமல் தாண்டியது.
பந்தய ஒட்டகம், எங்கள் ஷெட்டையே வாங்கும் விலை.
மேய்ப்பர் தாஹிர் தலையில் அடித்துக்கொண்டார்.
பிக்கப்பை எஞ்சின் மறித்து நின்றது.
கதவருகே ஹம்பர்.

பேட்டரி செத்திருந்தது.
தாஹிரும் நானும் தோள் கொடுத்தோம்.
ஒரு சாண். இரண்டு. வாசல். சரிவு.
இருமியது, பிடித்துக்கொண்டது.
ஓடிப்போய் ஏறிக்கொண்டோம்.
நியாஸ் "பஸ்" சொல்ல மறந்துவிட்டான்.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.

சாலை, குன்று, இன்னொரு குன்று,
கண்ணாடி இறங்காத ஜன்னலில் மணல் வெளிச்சம்.
மீட்டரின் கடைசி எண் சோம்பல் முறித்து
அடுத்த எண்ணானது.

ஒட்டகம் மாலைக்குள் தானாகத் திரும்பிவிட்டதாம்.
நாங்கள்தான் தாமதம்.