செய்முறை

கப்பலூர் தொழிற்பேட்டை, ஏழாம் ஷெட்.
சாக்கில் அச்சடிக்கிறவன் நான்.
முகூர்த்த நாளில் மட்டும்
உசிலம்பட்டிப் பக்கம் மொய் எழுதப் போவேன்.

போன மாசம் பத்தாயிரம் சாக்கு,
தீவுக்கு அரிசி.
அங்கே வெள்ளம் வடிந்து பதினேழு நாள் ஆகியிருந்தது.
டெல்லியிலிருந்து வந்த ஸ்ரீவத்ஸன் சார்
அரிசியை அள்ளிப் பார்க்கவில்லை,
ஸ்கேலை எடுத்தார்.
"மலைக்கு அந்தப் பக்கத்துக்காரன்
நாலு அங்குல எழுத்துல பேர் போட்டு அனுப்பியிருக்கான்.
நமக்கு அஞ்சு."

மேலே கொடி,
கீழே நாட்டின் பேர்,
அதற்கும் கீழே மூன்று மொழியில் அன்பளிப்பு.
தையலை ஒட்டி, இடம் மிஞ்சினால்,
அரிசி.

டீ குடிக்கையில் கேட்டேன்:
"சார், இதையெல்லாம் எந்த நோட்டுல எழுதுவீங்க?"
சிரித்தார். "கடன் இல்லப்பா இது. நட்பு."
நட்புக்கு ஒரு துறைமுகம் இருப்பதும்
அதில் ஒரு ஜெட்டி இன்னும் யாருக்கும் எழுதிக் கொடுக்காமல் கிடப்பதும்
அவர் போனில் பேசும்போது காதில் விழுந்தது.

எனக்கு இது புதுசில்லை.
செல்லம்பட்டி மண்டபத்தில் மைக் கத்தும்:
பாப்பாபட்டி வீரணன், ஐயாயிரத்தொண்ணு!
வாங்குகிறவர் கும்பிட்ட கையை இறக்க மாட்டார்.
வீரணன் வீட்டுக் காதுகுத்துக்கு
அது ஏழாயிரமாய்த் திரும்பாவிட்டால்
அன்பு வாசலில் வந்து நிற்கும், செருப்பைக் கழற்றாமல்.
ஆனாலும் ஒன்று,
எங்கள் நோட்டு நடுமேசையில் விரிந்து கிடக்கும்.
யாரும் புரட்டலாம்.

தீவின் எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது.
வட்டம் வட்டமாய், தேன்குழல் பிழிந்தாற்போல இருக்கும்.
ஒரு சட்டத்தைத் தலைகீழாய் மாட்டிவிட்டேன்.
மடிப்பு பிரிக்கிற ராக்கு கண்டுபிடிப்பதற்குள்
எண்ணூறு சாக்கு லாரியேறித் தூத்துக்குடி போய்விட்டது.
மூன்று நாள் சோறு இறங்கவில்லை.
தீவிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.
டெல்லியிலிருந்து வந்தது:
போட்டோவில் காவி வெளிறித் தெரிகிறதாம்.

அந்தப் போட்டோவை நானும் பார்த்தேன்.
மந்திரி ஒருத்தர் சாக்கில் கை வைத்து நிற்கிறார்,
என் தலைகீழ் எழுத்தின்மேல்.
பேப்பரைப் புரட்டினால்
ஜெட்டி. முப்பது வருஷத்துக்கு.

போன ஞாயிறு கருமாத்தூரில்
ஒரு பெண் ஐந்நூறு ரூபாயை நீட்டினாள்.
பேரு?
"எழுத வேணாம்ணே."
ஊராவது சொல்லும்மா என்பதற்குள்
பந்திக் கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

ராத்திரி கணக்குப் பார்க்கையில்
கல்யாண வீட்டு ஒச்சப்பன்
அந்த ஒரு தாளை மட்டும் விளக்கில் பிடித்துப் பார்த்தார்.
"இதை யாருக்குத் திருப்பிச் செய்றது?"
செய்ய வேண்டாம்போல என்றேன்.
"அதெப்படிய்யா?"
முகம் கறுத்துவிட்டது மனிதருக்கு.
ஏதோ வசவு வாங்கியவர் மாதிரி
மகனை எழுப்பி
பைக்கில் தேடச் சொல்லி அனுப்பினார்.

செக்கானூரணி ரோட்டில் அவன் ஹெட்லைட்
கொஞ்ச தூரம் தெரிந்தது.