பதினேழு துளைகள்

வீட்டை ஒப்படைக்கும் நாள்.
ஹெர் ஷ்டுக்கி கைவிளக்கோடு வந்தார்.
அடுப்பைத் திறந்து முகர்ந்தார்,
குழாயை மூடிவிட்டுச் சொட்டுக்குக் காத்திருந்தார்,
பிறகு வரவேற்பறைச் சுவரின் முன்னால்
நெடுநேரம் நின்றார்.

பதினேழு துளைகள்.
துளைக்கு இருபது பிராங்க்.

ஒரு கொளுக்கிக்கு இரண்டு திருகாணி, எட்டுக் கொளுக்கி.
பதினேழாவது
முதல் நாள் கை நடுங்கி நான் பிழையாய்த் துளைத்தது.
அதை மறைக்கத்தான்
எழுபத்திரண்டாம் ஆண்டுக் கறுப்பனை
ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி மாட்டினேன்.
ஒன்பது வருடமாக வந்தவர் எல்லாரும் கேட்டார்கள்,
ஏன் அது மட்டும் வரிசை தப்பி நிற்கிறது?
அது ஒரு ரசனை, என்றேன்.

எனக்கு பேஸ் வாசிக்கத் தெரியாது.
பாசல் நகரில் டிராம் ஓட்டுகிறவள் நான்.
"வாசிக்கத் தெரியாத உமக்கு எதுக்கு இரண்டு?"
என்று கேட்டார் நிர்மலன்.
ஐந்தாவது வந்தபோது விலையை மட்டும் கேட்டார்.
எட்டாவதுக்கு
மட்டப்பலகை பிடித்துக்கொண்டு நின்றார்,
"கொஞ்சம் வலம், கொஞ்சம் வலம்."

அந்த எட்டாவது
எல்லைக்கு அப்பால், வைல் ஊரில்,
இஸ்திரிப் பலகைக்குப் பின்னால் கிடந்தது.
ஃப்ராவ் ஹாபெரர் தூசியைத் தன் ஏப்ரனால் துடைத்தார்.
கணவர் கல்யாண வீடுகளில் வாசித்தவராம்.
முதுகுப் பக்கம், இடுப்புவார்க் கொளுவி உரசி
மெருகு போய் மரம் தெரிந்த இடங்கள் மூன்று,
ஒன்றுக்கு மேல் ஒன்றாக.
விரல் வைத்துக் காட்டினார்:
இது என்னைக் கட்டமுன்னம்,
இது கட்டின பிறகு,
இது பியர்.

அறுபத்தாறாம் ஆண்டு என்று விற்றார்.
அன்றிரவு நான்கு திருகாணி கழற்றிப் பார்த்தேன்.
உடல் அறுபத்தாறுதான்.
கழுத்தின் அடியில் யாரோ பென்சிலால்
எழுபத்துநான்கு, மார்ச் என்று எழுதியிருந்தார்கள்.
திருகாணிகளைத் திரும்ப முறுக்கினேன்.
அறுபத்தாறு என்றே சொல்லி வருகிறேன்,
நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்கச் சாவடியில் ஓர் இளைஞன் கேட்டான்:
இசைக்கலைஞரா?
இல்லை.
வியாபாரமா?
இல்லை.
பேனையைக் கடித்தான்.
பின்னால் டிராமுக்குள் ஒரு குழந்தை அழுதது.
'வீட்டுப் பாவனைப் பொருள்' என்று எழுதி
முத்திரை குத்தினான்.

பாவனை என்றால் இதுதான்:
ஞாயிற்றுக்கிழமைகளில் பிருடை திருகிச்
சுருதி சேர்ப்பேன், எட்டுக்கும்.
ஈரமானி நாற்பத்தெட்டுக்குக் கீழே போனால்
எழும்பி ஈரத் துவாய் விரிப்பேன்.
பிறகு
வாசிப்பதெல்லாம் தெருதான்.

காலை ஐந்து பன்னிரண்டு,
கிளைபெக் தெருவில் முதல் டிராம்.
தண்டவாளம் நிலத்துக்குச் சொல்ல,
நிலம் சுவருக்குச் சொல்ல,
எட்டுத் தடித்த தந்திகளும் மெல்ல முனகும்.
காதுக்கு எட்டாது.
கட்டில் சட்டத்தில் குதிக்காலை வைத்தால் தெரியும்.
வளைவில் முனகல் நீண்டு, சட்டென்று அறுந்தால்
அது ரெனாட்டா. பிரேக்கைப் பிந்தித்தான் பிடிப்பாள்.
படிப்படியாய்த் தேய்ந்தால் லூக்கா,
பயந்த பிள்ளை.
லீவு நாளில் நிர்மலனை உலுப்பிச் சொல்வேன்,
"லூக்கா இன்றைக்குக் காலை வேலை."
"நித்திரை கொள்ளும்," என்பார்.

புது வீடு மேட்டுப் பக்கம்.
இரட்டைக் கண்ணாடி யன்னல், பின்னால் அப்பிள் மரங்கள்.
ஒரு சத்தமும் இல்லை என்று
அவர் மூன்று பேருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.
வாயைத் திறக்காமல்
பெட்டிகளுக்குப் பூட்டுப் போட்டேன்.

ஹெர் ஷ்டுக்கி பேனையை நீட்டினார்.
முந்நூற்று நாற்பது பிராங்க்.
"இங்கே என்னதான் தொங்கியது?"
கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல்
அந்தப் பதினேழாவதில் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தார்.

அந்நேரம் கீழே எட்டாம் இலக்கம் வளைவில் திரும்பியது.
பெட்டிகள் எல்லாம் வானில் ஏறிவிட்டன.
செருப்பைக் கழற்றி
வெறுங்காலை நிலத்தில் ஊன்றிப் பார்த்தேன்.

ரெனாட்டாவா, லூக்காவா,
தெரியவில்லை.