பொக்கை முத்திரை

என்னிடம் நாற்பத்து மூன்று உறைகள்.
நாற்பத்திரண்டு காலி.
காலியாகவே போய், காலியாகவே திரும்பியவை.
உள்ளே மடங்காமலிருக்க ஓர் அட்டைத் துண்டு,
ஒன்றில் மட்டும் யாருடையதோ ஒரு நரைமயிர்.

ஷெபாய்கன் நகரத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த
எல்மர் ஸாஸ்ட்ரோ அனுப்பியவை.
ஏரியைத் தவிர பெரிய தண்ணீர் பார்த்ததில்லை அவர்.
சனிக்கிழமை கடை சாத்தி,
கூட்டிய மயிர்க்குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
தன் விலாசத்தைத் தானே எழுதி
மூன்று சென்ட் தலை ஒட்டி
கடற்படைக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் போடுவார்:
ஐயா, உங்கள் முத்திரை ஒன்று வேண்டும்.

பெரிய கப்பல்கள் வட்டம் பிசகாமல் பதில் தந்தன.
நெஹேலம் கோணலாய்த் தந்தது.

நெஹேலம் இழுவைக் கப்பல். முப்பத்தெட்டு ஆட்கள்.
சமையலறைக்கும் கயிற்றறைக்கும் நடுவில்
சுவரிலிருந்து இறக்கும் ஒரு மடக்குப் பலகை,
அதுதான் அஞ்சலகம்.
எழுத்தர் ஆர்வில் ட்வெட்
காலையில் உருளைக்கிழங்கு உரித்த கையோடு
பிற்பகலில் முத்திரை குத்துவான்.
சில உறைகளில் மாவுச்சத்தின் ரேகை
இன்னும் வெள்ளையாய் இருக்கிறது.

கோடியாக் அருகே ஒரு புயலில்
சுத்தியல் கைநழுவிச் சங்கிலியில் மோதி
வட்டத்தின் விளிம்பில்
கடிகாரத்தில் ஐந்து மணி இருக்குமிடத்தில்
ஒரு பல் போனது.
வேறு கேட்டு மூன்று படிவம் அனுப்பினான்.
வரவில்லை.
பொக்கைவாயோடே வேலை நடந்தது.

நான் டகோமாவில் பல் மருத்துவன்.
இல்லாத பல்லை வைத்து ஆளைச் சொல்வது
எனக்குப் பழக்கம்.

போர் வந்ததும் உத்தரவும் வந்தது:
முத்திரையில் பெயர் கூடாது, ஊர் கூடாது.
ஆர்வில் அரம் எடுத்து
தன் கப்பலின் எழுத்துகளைத் தானே ராவினான்.
எல்லாக் கப்பலுக்கும் ஒரே முகம்.
எல்மருக்குப் பதில் வருவதும் நின்றது.

நாற்பத்து மூன்றாவது உறை கனமானது.
பழைய சாமான் கடையில், பொத்தான் டப்பாவுக்கு அடியில் கிடைத்தது.
எழுதியவன் நெஹேலத்துக்காரனில்லை;
முன்பாதி பிய்ந்துபோன ஒரு நாசகாரியின்
கொதிகலன் ஆள், லெஸ்டர் ஹோல்கம்.
அவர்கள் அஞ்சலறை தண்ணீருக்குள்.
கடிதங்கள் வாளியில் ஏறி, கயிற்றில் ஊர்ந்து
இழுப்பவனிடம் வந்து முத்திரை வாங்கியிருக்கின்றன.

*வெர்னா,
அடுப்புக் குழாயை ஜனவரிக்குள் மாற்றிவிடு.
உன் அண்ணனுக்கு லாரியைக் கொடுக்காதே,
கேட்டால் நான் செத்துவிட்டேன் என்று சொல்.
வேண்டாம், அப்படிச் சொல்லாதே.
பின்பக்கமாகவே போய்க்கொண்டிருக்கிறோம்,
ஆமாம், பின்பக்கமாக.
இழுப்பது ஒரு*

இங்கே ஓர் ஓட்டை.

*அதன் பெயர்*

இங்கே இன்னோர் ஓட்டை.

*இரவெல்லாம் இருமுகிறது.
இருமல் நின்றால் எங்களுக்குத் தூக்கம் கலைந்துவிடுகிறது.*

தணிக்கை அதிகாரியின் கத்திரி சுத்தமாக வெட்டும்.
தாளின் மறுபக்கத்தில் இருந்த "முத்தங்கள்"
பாதி போய் "முத்" என்று நிற்கிறது.
ஆனால் உறையின் மேல் அவர் கண் போகவில்லை.
பெயரற்ற வட்டம், ஊரற்ற வட்டம்,
ஐந்து மணியில் ஒரு பொக்கை.
உருப்பெருக்கியை வைத்துவிட்டு
அடுத்த நோயாளியைக் காத்திருக்கச் சொன்னேன்.

நாற்பத்தேழில் டன் விலைக்கு விற்றார்கள்.
விற்பனைப் பட்டியலில் வின்ச் இருக்கிறது,
போர்வை இருபத்துநான்கு இருக்கிறது,
உருளைக்கிழங்குக் கத்திகூட இருக்கிறது.
சுத்தியல் இல்லை.

காலி உறைகளில் கடைசியானது
நாற்பத்தாறு மார்ச்.
பெயர் போடலாம் என்று அனுமதி வந்திருந்தது,
ராவிய எழுத்து முளைக்குமா?
வட்டத்தின் மேல் வளைவில்
நீல மையால், கையால், எழுத்தெழுத்தாய்
நெஹேலம் என்று எழுதியிருக்கிறான்.
மூலையில் பென்சிலில்:
ஐயா, உங்கள் உறை நாற்பத்தொன்று டிசம்பரில் வந்தது.
தாமதத்துக்கு மன்னிக்கவும்.
கொஞ்சம் வேலை இருந்தது.