பத்தாம் நம்பர் ஸ்பானர்

மெதுவாகப் போனால் கொதித்துவிடும்
எங்கள் காடிகள்.
சவ வண்டி ஓட்டிய பையனுக்கு அது தெரியாது.
மரியாதையாம்,
கோலா கெட்டில் கடைத்தெருவை நடக்கிற வேகத்தில் தாண்டினான்.
பின்னால் நாங்கள் ஏழு காடி.

வங்கி முச்சந்தியில்
பவளமணியின் மோரிஸ் முனகியது.
எண்ணெய் நிலையத்தருகே
சிக்கு ரோஸ்லானின் ஆஸ்டின்
மூக்கால் புகை விட்டது.
"ஹீட்டரைத் திற! சூடு இறங்கும்!"
ஜன்னலில் தலை நீட்டிக் கத்தினார் ஆ லெக்.
இந்த நாட்டுக்கு இறக்கிய காடியில்
ஹீட்டர் ஏது?
செபமாலை சொல்லிக்கொண்டு வந்த வேன்காரர்கள்
எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

செம்பனைக்கு நடுவே கல்லறைத் தோட்டம்.
சாமியார் புத்தகத்தைத் திறந்தபோது
வரிசையாக ஏழு பானட்டும் திறந்திருந்தன.
குழாயடியில் வாளியோடு நான்.
மூடியில் துணியைப் போடு,
கால் சுற்று திருப்பு,
அப்புறம் சும்மா நில்.
பெட்டிக்குள் படுத்திருந்த மரியதாஸ்
ஒவ்வொரு தடவையும் சொன்னது.
நின்றோம்.
மண் விழுகிற சத்தமும்
ஆவி சீறுகிற சத்தமும்
ஒன்றாகவே கேட்டன.

எங்கள் பொருளாளர்.
மாதம் ஐந்து வெள்ளி சந்தா,
முதல் ஞாயிறு ரொட்டிச் சானாய் கடைக்குப் பின்னால் கூட்டம்,
பிறகு பாலிங் வரை ஒரு ஓட்டம்.
ஒன்று நின்றால் எல்லாம் நிற்க வேண்டும்.
போய்ச் சேர்ந்த நாள்களை விட
நின்ற நாள்களே அதிகம்.

என் டட்சன் எழுபத்தாறாம் வருடத்தது.
"நேற்றுப் பிறந்த பிள்ளை, இதையெல்லாம் சேர்ப்பதா?"
என்று ஒரு கூட்டமே நடந்தது.
மூன்றுக்கு மூன்று.
தே தாரிக்கை உறிஞ்சி முடித்துவிட்டு
மரியதாஸ் கை தூக்கினார்:
"சத்தத்தைக் கேளுங்கப்பா,
இதுதான் நம்மில் மூத்தது."

அடக்கம் முடிந்து வீட்டில் பசியாறும்போது
ஜெசிந்தா கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள்.
பள்ளிக்கூடத்துப் பழுப்புக் காகித அட்டை.
யாரும் தொடவில்லை.
பிறகு எல்லாரும் தொட்டோம்.

பவளமணி: விசிறி பெல்ட் ஒன்று.
ரோஸ்லான்: பிளக் இரண்டு, ஒன்று பழசு.
ஆ லெக்: ஜாக்கி.
(கேட்டால் கோபப்படுவான். கேட்க வேண்டாம்.)
ஆ லெக் இரண்டு முறை படித்தார்,
கழிவறை எங்கே என்று கேட்டார்.

அடுத்த பக்கத்தில் நான்.
பத்தாம் நம்பர் ஸ்பானர்.
கைக்காசு, வெள்ளி ஆறு ஐம்பது.
டட்சனுக்கு.

குப்பாங் சாலையோரம்
அதை அவர் நீட்டியது ஞாபகம் வந்தது.
எல்லாம் வைத்திருக்கிறாரே என்று வாங்கிக்கொண்டேன்.
வெளியே நின்ற அவருடைய ஹில்மனைப் பார்த்தேன்.
அது அங்குலக் கணக்குக் காடி.
பத்தாம் நம்பர் பிடிக்கிற நட்டு
அதில் ஒன்றுகூட இல்லை.

"யாராவது பொருள் கொடுக்கணுமா?" என்றாள் ஜெசிந்தா.
"பழைய கணக்கு" என்று மூடிவைத்தேன்.
ஸ்பானர் என் டட்சன் டிக்கியில்தான் கிடக்கிறது.
கொடுப்பதாக இல்லை.

நான்கு மணிக்கு மழை இருட்டியது.
ஹில்மனை உள்ளே ஏற்ற வேண்டும்.
சோக் பாதி என்றார் ஒருவர்,
முழுசு என்றார் இன்னொருவர்,
மூன்று மிதி மிதித்துவிட்டுத் தொடாதே என்றார் ரோஸ்லான்.
அது யார் பேச்சையும் கேட்கவில்லை.

ஜெசிந்தாவை ஸ்டீரிங்கில் உட்காரவைத்தோம்.
அவளிடம் இருப்பது ஆட்டோ லைசென்ஸ்.
ஏழு பேரும் தோள் கொடுத்தோம்.
அசையவில்லை.
சட்டைக்குள் முதல் துளி விழுந்தது.
"கனக்கிறாரே மனுஷன்" என்றாள் பவளமணி.
அப்போதுதான் யாருக்கோ உறைத்து,
மூன்று மொழியிலும் கத்தினோம்:
ஹேண்ட்பிரேக்! ஹேண்ட்பிரேக்!