எழுபது தாலா

கடலோர ஃபாலே என்றால் எழுபது தாலா.
சுவர் கிடையாது;
மழை வந்தால் ஓலைத்தட்டியை
நீங்களேதான் இறக்கிக்கொள்ள வேண்டும்.
பின்னால் தகரக்கூரை அறை, நாற்பது.
மின்விசிறி உண்டு.
சேவலும் உண்டு, என்று சிரித்தாள் மசினா.

படுத்தபடியே அலை பார்க்கலாம் என்றான் இவன்.
எனக்கும் ஆசைதான்.
சும்மா கேட்டுவைத்தேன்:
நீங்கள் எங்கே தூங்குவீர்கள்?

இரண்டு கையிலும் கொசுவலை.
மோவாயால் காட்டினாள்,
ஈரப்பலா மரங்களுக்கும் மேலே
மலைச்சரிவில் ஒரு நீல வீடு.
"அந்த அலைக்கு அப்புறம் கட்டினோம்.
இருட்டிலும் வழி தெரியும்,
கல்லுக்கு வெள்ளையடித்திருக்கிறது."

எழுபதையே எண்ணிக் கொடுத்தோம்.

உப்போலுவின் தென்கரையில்
நிலா தண்ணீருக்குள் இறங்கி நின்றது.
இவன் குறட்டை.
நான் எழுந்துபோய்
இரண்டு ஜோடிச் செருப்பையும்
மலையைப் பார்க்கத் திருப்பிவைத்தேன்.